வெள்ளைக்காரன் மில்லும் பண்டிகைக்கு நின்றது

“தேர், திருவிழா, பண்டிகை என்று வருஷத்தில் பாதி நாளை நீங்கள் தின்றுவிடுகிறீர்கள். வெள்ளைக்காரனைப் பாருங்கள். அவன் தேசத்தில் இப்படி ஊருக்கு ஒரு விழா என்று மில்லை நிறுத்துவானா?”

பஞ்சாலைத் தொழிலாளி லீவு கேட்கப் போகும்போதெல்லாம் மானேஜர்மார் பாடுகிற பழைய பல்லவி இது. கேட்டவர் பதில் தெரியாமல் திரும்பி வருகிறார். “அங்கே எப்படியோ, நமக்கென்ன தெரியும்” என்று சும்மா இருந்துவிடுகிறார்.

நிறுத்தினான், தோழர்களே. ஒரு நாள் அல்ல. ஒரு வாரம் முழுவதும் நிறுத்தினான். ஒரு மில்லை மட்டுமல்ல. ஓர் ஊரில் உள்ள அத்தனை மில்லையும் ஒரே சமயத்தில் நிறுத்தினான். அதுவும் ஊருக்கு ஊர் வேறு வேறு வாரத்தில். இது நடந்த இடம் எங்கோ ஒரு மூலை அல்ல. உலகத்துக்கே துணி நெய்து விற்ற லங்காஷயரில் நடந்தது. நமது கைத்தறி நெசவாளியின் வயிற்றில் அடித்த துணி எந்த ஊர்களில் நெய்யப்பட்டதோ, அதே ஊர்களில் நடந்தது.

லங்காஷயர் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஜில்லா. ஓல்டாமும் போல்டனும் நூல் நூற்ற ஊர்கள். பர்ன்லியும் பிளாக்பர்னும் துணி நெய்த ஊர்கள். இந்த ஊர்களில் வருஷத்துக்கு ஒரு வாரம் ‘வேக்ஸ்’ என்று பெயர். விழித்திருத்தல் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஊர் மாதாகோயில் எந்தப் புனிதரின் பெயரில் கட்டப்பட்டதோ, அவருடைய திருநாளுக்கு முந்தின இரவு ஜனங்கள் கண்விழித்துப் பிரார்த்தனை செய்வார்கள். நமது சிவராத்திரி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். மறுநாள் விழா, கடை கண்ணி, ஆட்டம் பாட்டம், குஸ்தி, குடி. மாதாகோயில் மண் தரையில் பரப்புவதற்குக் கோரைப்புல்லை வண்டியில் மலைபோல் அடுக்கி, ஜோடித்து, வாலிபர்கள் இழுத்து வருவார்கள். கிட்டத்தட்ட தேர்தான். சாடில்வொர்த் என்ற இடத்தில் இந்தக் கோரை வண்டியை 1975இல் மறுபடியும் ஆரம்பித்து, வருஷந்தோறும் ஆகஸ்ட் மாதத்தில் இழுத்து வருகிறார்கள்.

ஊருக்கு ஒரு புனிதர். ஆகவே ஊருக்கு ஒரு தேதி. இது ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. 1536இல் எட்டாம் ஹென்றி ஓர் உத்தரவு போட்டான்: கோயில் திருநாளை எல்லா ஊரும் அக்டோபர் முதல் ஞாயிறன்றே கொண்டாட வேண்டும். அத்துடன், ஜூலை 1 முதல் செப்டம்பர் 29 வரை அறுப்புக் காலத்தில் வருகிற திருநாட்களில் பெரும்பாலானவற்றையும் ரத்து செய்தான். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? பயிர் வீணாகிறது, ஜனங்கள் சோம்பேறிகளாகிறார்கள் என்று. மானேஜரின் பல்லவிக்கு வயது ஐந்நூறு என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? ஆனால் ஊர் வேக்ஸ் விஷயத்தில் ஜனங்கள் ராஜாவின் தேதியைச் சட்டை செய்யவே இல்லை. பழைய தேதியிலேயே விழா நடந்தது.

பிறகு நீராவி இயந்திரம் வந்தது. மில் வந்தது. ராஜாவால் முடியாததை மில் முதலாளி செய்யப் பார்த்தான்.

அதற்கு முன் வீட்டுத் தறியில் நெய்த நெசவாளிக்குத் திங்கட்கிழமையும் ஓய்வுதான். ‘புனிதத் திங்கள்’ என்று கேலியாகப் பெயர். சனியன்று கூலி வாங்கி, ஞாயிறு கழித்து, திங்களும் காலாற இருந்து, செவ்வாய் முதல் ராப்பகலாக நெய்து கணக்கை நேராக்குவார். வேலையின் வேகம் அவர் கையில் இருந்தது. மில்லில் அது நடக்குமா? ஒரு பாய்லர் எரிந்தால் ஆயிரம் தறி ஓட வேண்டும். அபராதம், வேலை நீக்கம், வாசல் கதவு மூடல் எல்லாவற்றையும் உபயோகித்தார்கள். புனிதத் திங்கள் செத்தது. ஆனால் வேக்ஸ் சாகவில்லை. அன்றைக்குச் சங்கு ஊதினாலும் ஆள் வரவில்லை. பாதி ஆளை வைத்துக்கொண்டு பாய்லர் எரித்தால் நிலக்கரிக்குக்கூடக் கட்டாது என்று முதலாளி கணக்குப் பார்த்தான். அந்த நாட்களில் எல்லா மில்லையும் மூடிவிடுவோம், பாய்லர் சுத்தம் செய்யலாம், இயந்திரம் ரிப்பேர் பார்க்கலாம் என்று முடிவுக்கு வந்தான். ஒரு நாள் இரண்டு நாளாகி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரும்பாலான பஞ்சாலை ஊர்களில் ஒரு வாரமாகிவிட்டது. ஆளே வராத மில்லை மூடிவிட்டு, லீவு கொடுத்த தர்மவான் என்று பெயர் எடுப்பது முதலாளிக்குச் சுலபம். உண்மையில் கொடுத்தவர்கள் வராமல் இருந்தவர்களே.

போல்டன் ஜூன் கடைசியில் நிற்கும். பர்ன்லி ஜூலையில் நிற்கும். ஓல்டாம் ஆகஸ்ட் கடைசியில் நிற்கும். அந்த வாரம் ஊரில் ஈ காக்கை இருக்காது. கடைகள் மூடியிருக்கும். வருஷமெல்லாம் புகை கக்கிய நூற்றுக்கணக்கான புகைபோக்கிகள் ஓய்ந்து, ஊரைச் சுற்றியுள்ள குன்றுகள் அந்த ஒரு வாரம்தான் தெளிவாகத் தெரியும் என்று அந்த ஊர்க் கிழவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஜனங்கள் எங்கே போனார்கள்? கடற்கரைக்கு. 1846இல் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்கு ரயில் வந்தது. 1894இல் அங்கே பெரிய இரும்புக் கோபுரம் ஒன்றைத் திறந்தார்கள். ஒரு வாரம் ஓல்டாம் ஜனம், மறு வாரம் இன்னோர் ஊர் ஜனம் என்று கோடை முழுவதும் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். ஊருக்கு ஒரு வாரம் என்பதால்தான் ரயிலும் தாங்கியது, பிளாக்பூலும் தாங்கியது. தங்கும் வீடுகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் தாங்களே பஞ்சாலை ஊர்களிலிருந்து போனவர்கள். இந்தத் தெருவில் இந்த ஊர்க்காரர், இந்த அம்மாளிடம் நம் ஊர்க்காரர் என்று வருஷா வருஷம் அதே வீட்டில் போய் இறங்குவார்கள். அரிசி பருப்பைக் கட்டிக்கொண்டு நம்மவர் கோயிலுக்குப் போவது போல, அவர்கள் தங்கள் சாமானைக் கொடுத்து வீட்டுக்கார அம்மாளைச் சமைத்துத் தரச் சொல்வார்கள். உப்பு, மிளகு டப்பாவை மேஜையில் வைத்ததற்குத் தனிக் காசு கேட்ட அம்மாள்மாரைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் இன்றைக்கும் உண்டு.

இவ்வளவும் யார் காசில்? இதுதான் மானேஜர் சொல்லாத விஷயம். மில் நின்ற வாரத்துக்கு ஒரு பென்னிகூடக் கூலி கிடையாது. லீவு என்ற பெயரில் ஒரு வாரக் கதவடைப்பு என்றே சொல்லலாம். ஆகவே தொழிலாளிகள் வருஷம் பூராவும் வாரம் சில பென்னிகள் சீட்டுக் கட்டினார்கள். மில்லுக்கு மில், தெருவுக்குத் தெரு, பப்புக்குப் பப் இந்தச் சீட்டு நடந்தது. வேக்ஸுக்கு முன் அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். நம் தீபாவளிச் சீட்டு மாதிரிதான். ஆனால் கணக்கும் சாவியும் தொழிலாளிகள் கையிலேயே இருந்தன. சீட்டுக் கட்ட முடியாதவன் அந்த வாரம் ஊரிலேயே பட்டினியாக உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றி பிளாக்பூல் விளம்பரங்களில் எழுதவில்லை.

சட்டம் எப்போது வந்தது?

சட்டத்தைப் பார்ப்போம். அதில்தான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

1834 வரை இங்கிலாந்தின் பெரிய பாங்கியான ‘பாங்க் ஆப் இங்கிலாண்டு’ வருஷத்தில் சுமார் 33 திருநாட்களுக்கு மூடியது. அந்த வருஷம் அதை ஒரே வெட்டில் 4 நாளாக்கினார்கள். பாங்கி குமாஸ்தாவுக்கே இந்தக் கதி. 1850இல் ஒரு தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை பகல் 2 மணிக்கு மேல் ஜவுளி மில்களில் வேலை செய்யக்கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாது. ஆகவே ஆண்களும் வெளியே வந்தார்கள். பந்தாட்டம் இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணிக்கு ஆரம்பமாவது வழக்கமானதற்கு இதுவே காரணம். 1888இல் கால்பந்து லீக் தொடங்கியபோது சேர்ந்த 12 குழுக்களில் 6 லங்காஷயர் குழுக்கள் என்பதை விளையாட்டுப் பிரியர்களான தோழர்கள் குறித்துக் கொள்ளலாம்.

1871இல் ஜான் லப்பக் என்ற பாங்கி முதலாளி பார்லிமெண்டில் ‘பாங்கி விடுமுறை’ச் சட்டம் கொண்டுவந்தார். இங்கிலாந்துக்கு ஈஸ்டர் திங்கள், விட்சன் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26. ஸ்காத்லாந்துக்கு வேறு ஜாபிதா: அங்கே வருஷப் பிறப்பும், மே மாத முதல் திங்களும் உண்டு, ஈஸ்டர் திங்கள் கிடையாது. இன்றைக்கும் ஆகஸ்ட் லீவு ஸ்காத்லாந்தில் மாதத்தின் முதல் திங்கள். இங்கிலாந்தில் கடைசித் திங்கள். வட அயர்லாந்தில் மார்ச் 17ம் ஜூலை 12ம் லீவு. ஒரே ராஜாங்கம், ஒரே நாணயம். லீவு மட்டும் மூன்று தினுசு. அதனால் பிரிட்டிஷ் ராஜ்யம் கவிழ்ந்துவிட்டதா?

ஆனால் இந்த லீவுக்கெல்லாம் கூலி உண்டா என்றால் அதுதான் இல்லை. 1936 ஜூனில் பிரான்ஸ் தேசத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, வருஷத்துக்கு 2 வாரம் சம்பளத்துடன் லீவு என்று சட்டமே வாங்கினார்கள். அதே வருஷம் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் குறைந்தது 6 வேலை நாள் சம்பள லீவு வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. அதற்குப் பிறகுதான், 1938இல், பிரிட்டனில் சம்பள லீவுச் சட்டம் வந்தது. அதுவும் எல்லோருக்கும் உரிமை கொடுக்கவில்லை. கூலி வாரியங்கள் ஒரு வாரம் வரை சம்பள லீவு நிர்ணயிக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது. விவசாயக் கூலி கமிட்டிகளுக்கும் அந்த அதிகாரம் கிடைத்தது. மீதியைச் சங்கங்கள் பேசிப் பேசி வாங்கின. தொழிலாளி என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் சம்பள லீவு சட்டப்படி உரிமையானது 1998இல்! இரண்டு நூற்றாண்டு மில் ஓடி, அந்த மில்களெல்லாம் மூடிய பிறகு.

காந்தி 1931 செப்டம்பரில் லங்காஷயரிலுள்ள டார்வென் ஊருக்குப் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த மில் தொழிலாளிகள் அவரை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அவர்களுக்கும் அப்போது சம்பள லீவு கிடையாது. நம் நெசவாளியை அழித்துச் சம்பாதித்த காசு எந்தப் பெட்டிக்குப் போயிற்று என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பப் என்பது என்ன?

வேக்ஸ் சீட்டு பப்பில் நடந்தது என்றேன். அந்தப் பப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. குடியால் எத்தனை குடும்பம் அழிகிறது என்பது கிராமத்தில் வேலை செய்கிற நமக்குத் தெரியாததல்ல. ஆனால் பப்பை நம் ஊர் டாஸ்மாக் கடையாக நினைத்துவிடக் கூடாது. நம் சர்க்கார் 2003 முதல் தானே சில்லறையில் சாராயம் விற்கிறது. வாங்கு, குடி, விழு. அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது? பப் என்றால் ‘பொது வீடு’ என்று பொருள். ஒரு குவளை பீர் வாங்கிக் கொண்டு மாலை முழுவதும் உட்காரலாம். ஈமச் சீட்டு, நோய் உதவிச் சங்கம், ஆரம்ப காலத் தொழிற்சங்கம் பலவும் பப்பின் மாடி அறையில் கூடின. 1847இல் லண்டனில் மார்க்ஸும் ஏங்கல்ஸும் கலந்துகொண்ட கம்யூனிஸ்ட் லீக் மகாநாடும் ‘செஞ்சிங்கம்’ என்ற பப்பின் மாடியில் கூடியதுதான். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். மில்லில் பாதிக்கு மேல் பெண்கள். பப்பில் ஆண்கள் மட்டுமே உட்காரும் அறை ஒன்று ஊருக்கு ஊர் இருந்தது. 1930களின் கடைசியில் போல்டன் பப்புகளில் உட்கார்ந்து கவனித்து ஒரு கோஷ்டியார் எழுதிய புத்தகம் 1943இல் வெளிவந்தது. அதில் இது விவரமாக இருக்கிறது.

பப்பில் என்ன செய்தார்கள்? விளையாடினார்கள். இதையும் விட்டு வைக்கவில்லை துரைமார். 1541இல் அதே எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. கைவினைஞர், உழவுத் தொழிலாளர், கூலிக்காரர், வேலைக்காரர் எவரும் பந்துருட்டு, சீட்டு, தாயம் முதலிய ஆட்டங்கள் ஆடக்கூடாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் ஆடலாம். அதுவும் எஜமான் வீட்டில் அல்லது எஜமான் கண் எதிரே! வருஷம் 100 பவுன் வருமானமுள்ள நிலச்சுவான் மட்டும் தன் தோட்டத்தில் ஆடிக் கொள்ள லைசென்ஸ் வாங்கலாம். இந்தத் தடை 1845 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. முந்நூறு வருஷம்!

முந்நூறு வருஷமும் ஜனங்கள் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். அதனால்தான் ஆட்டம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. யாரும் விதி எழுதித் தரவில்லை. அந்தந்த வட்டாரத்தில் கையில் கிடைத்ததை வைத்து ஆட்டம் செய்துகொண்டார்கள்.

ஆக்ஸ்போர்டு ஜில்லாவில் ‘ஆன்ட் சாலி’ ஆடுகிறார்கள். சாலி அத்தை என்று சொல்லலாம். இரும்புக் கம்பியின் தலையில் வெள்ளை மரப் பொம்மை ஒன்றை நிறுத்தி, 10 கஜ தூரத்திலிருந்து ஆளுக்கு 6 தடி எறிய வேண்டும். பொம்மை விழ வேண்டும். தடி கம்பியில் பட்டால் கணக்கில்லை. கோடை மாதங்களில் பப்புக்குப் பப் எட்டுப் பேர் குழுவாகப் போட்டி நடக்கிறது. அந்த ஜில்லாவைத் தாண்டிப் போனால் இந்த ஆட்டம் தெரிந்தவர் அபூர்வம். கென்ட் ஜில்லாவில் வேறு ஆட்டம். ஒரு மரப்பொறியின் நுனியைத் தட்டினால் பந்து மேலே எழும்பும். எழும்பிய பந்தை மட்டையால் அடித்து 21 கஜத்துக்கு அப்பால் உள்ள இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்ப வேண்டும். நம் பையன்கள் ஆடுகிற கிட்டிப்புள்ளுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்! நார்தாம்டன் வட்டாரத்தில் தோல் வைத்துத் தைத்த மேஜைமேல் 9 கட்டைகளை நிறுத்தி, ‘சீஸ்’ என்று பெயரிட்ட மரவட்டை எறிந்து வீழ்த்துவார்கள். மேற்கே சாமர்செட், டெவன் பக்கம் அதே ஒன்பது கட்டையை நீண்ட தளத்தில் பந்துருட்டி வீழ்த்துவார்கள். விழுந்ததை நிறுத்தி வைக்க ஒரு பையனைக் கூலிக்கு வைத்திருப்பார்கள். சுரங்கத் தொழிலாளிகள் நிறைந்த வடகிழக்கே களிமண் குழியில் முளையடித்து, 11 கஜத்திலிருந்து கனமான இரும்பு வளையத்தை எறிவார்கள். சஸ்ஸெக்ஸில் லூயிஸ் என்ற ஊரில் ஈயத்தகடு போர்த்திய மேஜையின் ஓட்டையில் பித்தளை வட்டை எறிந்து விழச் செய்வது. அதற்கு ‘வளையில் தேரை’ என்று பெயர்.

அம்பெறி பலகை கதை இன்னும் ருசியானது. சுவரில் வட்டப் பலகை, அதில் எண்கள், சிறு அம்பை எறிய வேண்டும். மான்செஸ்டர் பலகை மரத்தடியை அறுத்துச் செய்தது. அளவில் சிறியது, எண்களின் வரிசையே வேறு, மும்மடங்கு வளையம் கிடையாது. காய்ந்தால் வெடிக்கும் என்று அதைத் தண்ணீரில் ஊறப் போட்டு வைப்பார்கள். யார்க்ஷயருக்கு வேறு பலகை. லண்டனுக்கு வேறு. பிறகு என்ன நடந்தது? 1924இல் லண்டனில் ஒரு சங்கம் விதிகளை எழுதிற்று. 1927இல் ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை லண்டன் பலகையை வைத்துப் பந்தயம் நடத்தத் தொடங்கிற்று; 1947க்குப் பிறகு அது தேசம் முழுவதற்கும் ஆயிற்று; 1970களில் டெலிவிஷன் வந்தது. மற்ற பலகைகள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டன. ராஜாவின் உத்தரவால் ஆகாதது பத்திரிகை முதலாளியின் பரிசுப் பணத்தால் ஆயிற்று. மான்செஸ்டர் பலகையை விடாமல் ஆடுகிறவர்கள் இன்றைக்கும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

மற்ற ஆட்டங்களுக்கு வந்த ஆபத்து வேறு. 1960இல் ஒரு சட்டம் காசு போட்டு ஆடும் சூதாட்ட மிஷினைப் பப்புக்குள் அனுமதித்தது. ஒன்பது கட்டை மேஜை அடைக்கிற இடத்தில் மிஷின் வைத்தால் லாபம். சாப்பாட்டு மேஜை போட்டால் இன்னும் லாபம். பல பப்புகள் பீர்க் கம்பெனிக்கோ வேறு பெரிய கம்பெனிக்கோ சொந்தம், நடத்துகிறவர் வாடகைக்காரர். வாடகை ஏறினால் ஆட்ட மேஜை வெளியே போகிறது.

ஏர்த் திங்கள்

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நமக்குப் பொங்கல் வருவதற்குச் சில நாள் முன்பு, ஜனவரி 6 கழிந்த முதல் திங்களை அங்கே ‘ஏர்த் திங்கள்’ என்பார்கள். கிழக்கு ஜில்லாக்களில் பனிக்காலத்தில் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. பண்ணையாட்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஏரை இழுத்து வீடுவீடாகப் போய்க் காசு கேட்பார்கள். கரி எதற்கு? எஜமான் அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான். காசு கொடுக்காத மிராசுதார் வீட்டு வாசலில் ஏரைப் பூட்டி ஒரு சால் உழுதுவிட்டுப் போவார்கள்! விட்டில்ஸி என்ற ஊரில் மறுநாள் ஓர் ஆளை வைக்கோலால் சுற்றிக் கரடியாக்கி ஆடவிட்டுக் காசு வாங்குவார்கள். 1909இல் போலீஸ் அதிகாரி இதைப் பிச்சை எடுத்தல் என்று தடுத்துவிட்டார். எழுபது வருஷம் கழித்து, 1980இல், ஊரார் அதை மீண்டும் ஆரம்பித்தார்கள். இப்போது அது பெரிய விழா.

லிங்கன் ஜில்லாவில் ஹாக்ஸி என்ற கிராமத்தில் ஜனவரி 6 அன்று தோலில் செய்த ஓர் உருளையை நடுவில் போட்டு, ஊரே திரண்டு தள்ளுகிறது. நான்கு பப்புகள்; எந்தப் பப்பின் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்களோ, அடுத்த வருஷம் வரை உருளை அந்தப் பப்புக்குச் சொந்தம். இருட்டிய பிறகும் மணிக்கணக்கில் இது நடக்கும். மஞ்சுவிரட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிய துரைமார் தங்கள் ஊர்ச் சேற்றில் நடப்பதைப் பற்றி நமக்கு எழுதவில்லை!

இனி நம் விஷயம்.

வேக்ஸ் இப்போது இல்லை. 1960களிலும் 1970களிலும் லங்காஷயர் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நிறுத்த மில் இல்லாதபோது நிறுத்தும் வாரம் எதற்கு? கடைசிக் காலத்தில் அந்த மில்களின் ராத்திரி ஷிப்டில் நின்றவர்கள் பாகிஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போனவர்கள். ஊர் மில் நின்றது வேக்ஸுக்கு. அவர்களுடைய ஈத் பெருநாளுக்கு அல்ல. இதை நான் சும்மா சொல்லவில்லை. இன்றைக்குத் திருப்பூரிலும் கோவையிலும் நம்மோடு மிஷினில் நிற்பவர்களில் பீகார்க்காரர் இருக்கிறார், ஒரிசாக்காரர் இருக்கிறார். நமக்கு ஆடிப்பெருக்கு எப்படியோ, அவருக்கு ‘சட்’ பூஜை அப்படி. சங்கம் லீவு ஜாபிதா எழுதும்போது அவருடைய பண்டிகைக்கும் ஒரு வரி வேண்டும் என்பது என் அபிப்பிராயம். “அவன் வந்தேறி, அவனுக்கெதற்கு” என்று நம்மில் யாராவது சொன்னால், அது நம்முடைய குரல் அல்ல, மானேஜரின் குரல்.

தேரோட்டம் என்றால் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுகிறார். ஆபீசும் பள்ளிக்கூடமும் மூடும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை என்பார்கள். மில் சங்கு மட்டும் வழக்கம்போல் ஊதும். நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள லீவு என்று வைத்தது. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கு இந்த மாகாணத்தில் 1958இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் 239ஆம் நாள் பெயரை வெட்டி வேறு காண்டிராக்டர் கணக்கில் எழுதினால் அந்தச் சட்டம் யாருக்கு? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எல்லாச் சங்கங்களும் எழுந்து நின்றதால் மே 1 அன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேரம் வேலை செய்தால் வாரத்தில் லீவு நாள் கூடும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார்கள். லீவு என்ற சொல்லை அவர்கள் எப்போது உபயோகித்தாலும் கணக்கைக் கேட்க வேண்டும்.

மே தினத்தையே பாருங்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். பிரிட்டனில் அதைப் பாங்கி விடுமுறையாக்கியது 1978இல்தான். 2011இல் அதை எடுத்துவிட்டு அக்டோபருக்கு மாற்றலாமா என்று அங்கே மந்திரிகள் யோசனை கிளப்பினார்கள். எதிர்ப்பு வந்தது, விட்டுவிட்டார்கள்.

கடைசியாக ஸ்காத்லாந்தில் பெய்ஸ்லி என்ற நெசவாளர் ஊரைச் சொல்லி முடிக்கிறேன். நம் மதுரை, விக்கிரமசிங்கபுரம், தூத்துக்குடித் தொழிலாளிகளுக்கு அந்த ஊர் தெரியாதிருக்கலாம். ஆனால் ‘மதுரா கோட்ஸ்’ என்ற பெயரிலுள்ள கோட்ஸ், பெய்ஸ்லியில் தையல் நூல் மில் வைத்திருந்த குடும்பத்தின் பெயர். அந்த ஊர்ச் சால்வை உலகப் பிரசித்தம். அதன் பூவேலையை இறுக்கிக் கட்டுவதற்கு மெல்லிய ஊடை ஒன்று ஓட்ட வேண்டும். ‘ஸ்மா ஷாட்’ என்று அதற்குப் பெயர். அது வெளியே தெரியாது; தெரியாத இழைக்குக் கூலி இல்லை என்றார்கள் வியாபாரிகள். நூலும் நெசவாளி தலையில். ஆனால் அந்த இழை இல்லாவிட்டால் சால்வை பிரிந்து போகும். நெடுநாள் தகராறுக்குப் பிறகு 1856இல் நெசவாளர்கள் அந்த இழைக்கும் கூலி வாங்கினார்கள். ஜூலை மாதத்து முதல் சனிக்கிழமை அவர்களுடைய விடுமுறை நாள். அதற்கு அந்த இழையின் பெயரையே வைத்துவிட்டார்கள். இடையில் நின்றுபோனதை 1986இல் மறுபடி ஆரம்பித்தார்கள். பெய்ஸ்லியில் இப்போது நூல் மில் ஓடவில்லை. ஆனாலும் ஜூலை முதல் சனியன்று நெசவாளர்களின் பழைய முரசு முன்னே போக, ஊர்வலம் போகிறார்கள். கூலி கொடுக்காத வியாபாரியின் ஏஜெண்டுக்கு அந்தக் காலத்தில் ‘கார்க்’ என்று பெயர். கொடும்பாவி கட்டி, அந்தக் கார்க்கை இன்றைக்கும் எரிக்கிறார்கள்.